காப்பீடு இல்லாத வீட்டில் கழுத்து வலி

இராமேசுவரம் தீவில் கழுத்து வலி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மீன் கூடையைச் சும்மாட்டின் மேல் ஏற்றித் தெருத்தெருவாக நடந்து விற்கிற பெண்கள், குனிந்த தலை நிமிராமல் வலையின் கிழிசலைப் பொத்துகிற ஆண்கள், மன்னார் வளைகுடாவின் சிறு தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்து ஈர மூட்டையைக் கரைக்குச் சுமந்து வருகிற அக்காமார், என்னைப் போல நாள் முழுவதும் கணினித் திரையின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் என்று எல்லோருக்கும் இந்த வலி ஏதோ ஒரு காலத்தில் வந்திருக்கிறது. பெரும்பாலும் அது வெறும் சுளுக்கு. ஓரிரு வாரம் ஒத்தடம் கொடுத்து, பாரம் தூக்காமல் இருந்தால் போய்விடும். ஆனால் வலி கழுத்தை விட்டுத் தோளில் இறங்கி, கை வழியாக விரல் வரை ஓடி, விரல் மரத்துப்போய், மாதக்கணக்கில் விடாமல் நின்றால் அது நரம்பு நசுங்குவதால் வரும் வலியாக இருக்கக்கூடும். அப்படியொரு வலியோடு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லாமல் நான் வாழ்ந்து வருகிறேன். எந்தச் செலவு பயன் தந்தது, எது தரவில்லை, எந்த இடத்தில் காசு பார்க்கவே கூடாது என்பதை, இதே வலியும் இதே வருமானமும் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்தில் சிறிய கணினி மையம் ஒன்றை நடத்துகிறேன். சாதிச் சான்று, பட்டா மாறுதல், மீனவர் நல வாரியம், மாணவர் உதவித்தொகை என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது என் தொழில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வேண்டிய வருமானச் சான்றையும் எத்தனையோ குடும்பங்களுக்கு விண்ணப்பித்துக் கொடுத்திருக்கிறேன். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்த அட்டை கிடைக்கும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். என் வருமானமும், ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதும் என் மனைவியின் சம்பளமும் சேர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே சம்பாதிக்கிற குடும்பம், வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் போக, தனியார் மருத்துவமனைக் கட்டணத்தைத் தாங்கும் என்று மனச்சாட்சி உள்ள எவரும் சொல்ல மாட்டார். அந்த வரம்பை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தனியார் காப்பீடு எடுக்கலாமா என்றும் விசாரித்தேன். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 48 மாதம் வரை இருந்த அந்தக் காலத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டு 36 மாதமாகக் குறைத்தது. அதுவரை பிரீமியம் கட்டிக்கொண்டே கழுத்துக்கான செலவையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட முக்கியமான செய்தி, பரவலாக விற்கப்படும் பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன என்பது. முதலமைச்சர் திட்டமும் பட்டியலிலுள்ள அறுவைச் சிகிச்சைகள், உள்நோயாளிச் சிகிச்சைகள், சில பரிசோதனைகள் ஆகியவற்றுக்கானது. கழுத்து நரம்பு வலியோ பெரும்பாலும் படுக்கையில் சேராமலே தீர்க்க வேண்டிய நோய். மாதா மாதம் மாத்திரை, வாரா வாரம் உடற்பயிற்சிச் சிகிச்சை, போக்குவரத்து, வேலைக்குப் போகாத நாளின் கூலி என்று சில்லறை சில்லறையாகப் பணம் போகும்; அந்தச் சில்லறையை எந்த அட்டையும் திருப்பித் தராது. ஆகையால் அட்டை இல்லையே என்று புலம்பி உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை என்ற முடிவுக்கு நான் சீக்கிரமே வந்துவிட்டேன். அட்டை உள்ளவரும் இந்த நோயின் பெரும் பகுதியை என்னைப் போலத்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு வலி வலப்பக்கம் வந்தது. தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஒரு புள்ளியில் தொடங்கி, மேற்கையின் வெளிப்புறமாக இறங்கி, முன்கை வழியாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போய் நின்றது. தும்மினாலும் இருமினாலும் மின்சாரம் தொட்டாற்போல் கை முழுவதும் ஓர் அதிர்ச்சி ஓடும். வலியைவிட என்னைப் பயமுறுத்தியது மரப்பு. பணம் எண்ணும்போது இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு வருகிறதா, ஒன்றுதானா என்பதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்த்துப் பார்த்தே அறிகின்றன. அந்த உணர்வு எனக்குப் போய்விட்டது. ஒவ்வொரு நோட்டையும் மேசைமேல் தனித்தனியாகப் போட்டுக் கண்ணால் எண்ண வேண்டியதாயிற்று. முதியவர்களின் விரலைப் பிடித்து ரேகைக் கருவியில் வைக்கும்போது நான் எவ்வளவு அழுத்துகிறேன் என்பது எனக்கே தெரியாது. அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பிடியைத் தளர்த்துவேன்.

இரவில் ஒரே ஒரு நிலையில் வலி குறைந்தது. வலக்கையைத் தூக்கித் தலையின் மேல் வைத்துக்கொண்டால் சற்று நேரம் கண் அசரலாம். தலையில் கை வைத்து உட்கார்வது வீட்டுக்கு ஆகாது என்று என் தாயார் பார்க்கும் போதெல்லாம் கையை எடுத்துவிடுவார். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நான் போனபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "கையைத் தூக்கித் தலையில் வைத்தால் வலி குறைகிறதா?" என்பதுதான். கழுத்தில் நரம்பு நசுங்கியவர்களில் பலருக்கு அந்த நிலையில் நரம்பின் இழுவை தளர்ந்து வலி தணியும். தோள் மூட்டில் கோளாறு இருந்தால் கையைத் தூக்குவதே பெரும்பாலும் வேதனையாக இருக்கும். இதை வீட்டில் சொன்ன பிறகு அம்மா என் கையை எடுத்துவிடுவதில்லை.

அந்த மருத்துவர் எடுத்த உடனே ஸ்கேன் எழுதித் தரவில்லை. என் தலையை வலப்பக்கம் சாய்த்து மேலிருந்து மெதுவாக அழுத்தினார். வலி விரல் வரை ஓடியது. முழங்கையிலும் மணிக்கட்டுக்கு மேலும் சிறு சுத்தியால் தட்டிப் பார்த்தார். அவர் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னார், ஒரே கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். பிறகு தாளில் படம் போட்டு விளக்கினார். கழுத்தில் ஏழு எலும்புகள் இருக்கின்றன. அங்கிருந்து எட்டு இணை நரம்புகள் வெளியே வருகின்றன. எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வு பிதுங்கினாலோ, தேய்மானத்தால் எலும்பு ஓரத்தில் முள் வளர்ந்தாலோ நரம்பு வெளிவரும் துளை குறுகிவிடுகிறது. ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் இடையில் கோளாறு என்றால் பொதுவாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரக்கும். ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் என்றால் நடுவிரல். அதற்கும் கீழே என்றால் சுண்டுவிரல். சர்க்கரை நோயும், பி12 சத்துக் குறைவும், மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதும் இதே மரப்பைக் கொடுக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்தார். கையால் தொட்டுப் பார்த்த அந்தப் பரிசோதனைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த தெளிவை, பின்னால் எடுத்த எந்தப் படமும் தரவில்லை. அதற்கு எனக்கு ஆன செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே. புறநோயாளிச் சீட்டு வாங்க எவரும் வருமானச் சான்று கேட்பதில்லை. அரசு மருத்துவமனைக்குப் போகக் காப்பீட்டு அட்டை வேண்டும் என்று நினைத்து, வட்டிக்குக் கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களை என் கடையில் நிறையப் பார்க்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எம்.ஆர்.ஐ. பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு, கழுத்தில் வலியே இல்லாவிட்டாலும், படத்தில் சவ்வுப் பிதுக்கமும் தேய்மானமும் தெரியும். எனவே படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. கையில் பலம் குறைந்தாலோ, ஆறு வாரம்போல மருந்தும் பயிற்சியும் எடுத்தும் குறையாவிட்டாலோ, ஆபத்தின் அறிகுறி ஏதேனும் இருந்தாலோ ஸ்கேன் அவசியம். என் வலி தணியாமல் நீண்டபோது மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் 2,500 ரூபாய் கட்டி எடுத்தேன். வெளியே கேட்ட கட்டணம் அதைப் போல மூன்று மடங்கு. அரசு மருத்துவமனையில் நாள் குறித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அவசரமில்லாத ஸ்கேனுக்குக் காத்திருப்பதில் நட்டம் ஏதுமில்லை. படத்தைக் காட்டி அறுவைச் சிகிச்சை பற்றித் தெரிந்துகொள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கும் போனேன். அங்கே என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், சவ்வை எடுத்துவிட்டு இரண்டு எலும்புகளையும் இணைத்துவிடலாம் என்றும், இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றும், அந்த வாரமே சேர்ந்துவிடுவது நல்லது என்றும் சொன்னார்கள். என் கையில் பலம் குறையவில்லை, நடை தடுமாறவில்லை. இப்படிப்பட்ட நரம்பு வலி பெரும்பாலானவர்களுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே சில வாரங்களிலோ சில மாதங்களிலோ குறைந்துவிடுகிறது என்று அரசு மருத்துவர்கள் இருவர் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவசரப்படுத்துகிறவர்களிடம் "எந்த அறிகுறியை வைத்து அவசரம் என்கிறீர்கள்?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. அந்தக் கேள்விக்கு அங்கே எனக்குப் பதில் கிடைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

இந்தத் தீவில் இருப்பவர்களுக்குச் சிகிச்சையைவிடப் பயணம் பெரிய துன்பம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டபோது எங்களுக்குப் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அதன் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கழுத்திலிருந்து விரல் வரை வலி பாய்ந்தது. பின் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையையும் கடைசி இருக்கையையும் தவிர்த்து நடுவில் உட்கார்ந்தால் குலுக்கல் பாதியாகக் குறையும். கச்சான் என்னும் பலத்த காற்று வீசும் மாதங்களில் இரு சக்கர வண்டியில் பாலத்தைக் கடப்பது கழுத்து நோயாளிக்கு ஆகவே ஆகாது. காற்றை எதிர்த்துத் தலையை நிறுத்துவதிலேயே தசைகள் இறுகிவிடுகின்றன. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு மதுரைக்கு ரயிலில்தான் போகிறேன். மற்றவர்களுக்கு அது வேகமும் வசதியும். என் போன்றவர்களுக்கு, போய் இறங்கும்போது கழுத்து போன நிலையிலேயே இருக்கிறது என்பது பெரிய காரியம்.

மாத்திரைச் செலவைக் குறைக்கும் வழி மருந்தின் மூலப்பெயரைத் தெரிந்துகொள்வது. நரம்பு வலிக்குப் பொதுவாக எழுதித் தருவது பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றில் ஒன்று. மருந்துச் சீட்டில் பிராண்டுப் பெயர் இருந்தால் அதன் கீழே மூலப்பெயரையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்கிறேன். அரசு மருத்துவமனையில் இருப்பு இருந்தால் இலவசமாகவே கிடைக்கிறது. இல்லாதபோது மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் மாநில அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பார்க்கலாம். நான் வாங்குகிற மருந்துக்குப் பிராண்டு விலையில் பாதிகூட ஆவதில்லை. இந்த மாத்திரைகள் மயக்கமும் தூக்கமும் தரும். இராத்திரி விழுங்கிவிட்டு விடிகாலை படகேறுகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் மருத்துவரிடம் தங்கள் தொழிலைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது. சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகளைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது எங்கள் ஊரில் சர்வ சாதாரணம். வயிற்றில் புண், சிறுநீரகக் கேடு, இரத்த அழுத்தம் என்று அதற்குக் கொடுக்கும் விலை கழுத்து வலியைவிடப் பெரிது. ஐந்து ரூபாய் மாத்திரையில் தொடங்குவது டயாலிசிஸில் முடிய வேண்டாம்.

எனக்கு உண்மையில் பலன் தந்தது பிசியோதெரபி எனப்படும் உடலியக்கச் சிகிச்சை. அரசு மருத்துவமனையின் அந்தப் பிரிவிலிருந்த பெண்மணி, முதல் நாளே, "நீங்க தினமும் இவ்வளவு தூரம் வர முடியாது. நான் சொல்லித் தர்றதை வீட்டில ஒழுங்கா செஞ்சா போதும், மாசம் ஒரு தடவை வந்து காட்டுங்க" என்றார். ஒவ்வொரு முறையும் இலவசம் என்றாலும் போக வர ஒரு நாள் வருமானம் போய்விடும் என்பதை அவர் கேட்காமலே புரிந்துகொண்டார். சுவரில் முதுகை ஒட்டி நின்று மோவாயை நேராகப் பின்னுக்கு இழுத்துச் சில விநாடி வைத்திருந்து விடுவது. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை அசையாதபடி இரண்டையும் ஒன்றையொன்று தள்ள விடுவது, பிறகு அதையே பக்கவாட்டிலும் பிடரியிலும் செய்வது. இரு தோள்பட்டைகளையும் பின்னால் நெருக்குவது. பார்க்க ஒன்றுமில்லாதவை. அவர் சொன்ன ஒரு குறிப்பை நான் மறப்பதில்லை: பயிற்சி செய்யச் செய்ய வலி விரலிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து தோளுக்கும் பின்வாங்கினால், கழுத்தில் சற்று அதிகமாக இருந்தாலும் நல்ல குறி, மாறாக, கழுத்தில் இருந்த வலி கைக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு வந்து கேட்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை அளிக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைக்கலாம்.

கடையில் செய்த மாற்றம் இதற்கு இணையாக உதவியது. மடிக்கணினியைக் குனிந்து பார்ப்பதை அறவே விட்டேன். மீன் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து, அதன்மேல் கணினியை வைத்தால் திரையின் மேல்விளிம்பு சரியாக என் கண்ணுக்கு நேரே வருகிறது. தனி விசைப்பலகை ஒன்று வாங்கினேன். முழங்கை தொங்காமல் இருக்க நாற்காலியின் கைப்பிடியில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டினேன். இரவில் இரண்டு தலையணையை ஒன்றாகக் குறைத்து, தடிமன் குறைந்த இலவம்பஞ்சுத் தலையணையோடு கழுத்தின் வளைவில் சுருட்டிய துண்டை வைத்துக்கொள்கிறேன். இவையனைத்துக்கும் ஆன செலவு, தனியார் மருத்துவமனை ஒருமுறை வாங்கிய ஆலோசனைக் கட்டணத்தைவிடக் குறைவு.

செய்யவே கூடாதவற்றில் முதலில் நிற்பது முடி திருத்தும் கடையில் கழுத்து நெட்டி எடுப்பது. தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். நரம்பு நசுங்கிய கழுத்தில் ஆபத்து இன்னும் அதிகம். பாசத்தோடு செய்கிறவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அடுத்தது, எல்லா வலியையும் ஒரே வாரத்தில் போக்கும் என்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் பொடி. அவற்றில் ஸ்டீராய்டு கலப்பதுண்டு. கழுத்துப் பட்டையை வலி உச்சத்தில் இருக்கும் சில நாட்களுக்கும் பயணத்துக்கும் அணியலாம், மாதக்கணக்கில் அணிந்தால் கழுத்துத் தசை பலவீனமாகிவிடும். நொச்சி இலை, தவிடு, உப்பு ஒத்தடங்கள் தசை இறுக்கத்தைத் தளர்த்துகின்றன, எனக்கும் இதமாக இருக்கின்றன. மரத்த இடத்தில் மட்டும் சூடு தெரியாது என்பதால் வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். எண்ணெய்ச் சிகிச்சையில் நம்பிக்கை உள்ளவர்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்த மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். சகனவாதம் என்று அவர்கள் குறிப்பிடும் இந்த நோய்க்கு அங்கே படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில மருந்து என்ன எடுக்கிறோம் என்பதை அவர்களிடம் மறைக்கக் கூடாது.

காசு பார்க்கக் கூடாத இடம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். எங்கள் தெருவில் மீன் விற்கிற பெரியம்மா ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தார். "தம்பி, இந்தக் காப்பீட்டு அட்டையில கழுத்து வலிக்கு மாத்திரை எழுதித் தர மாட்டாங்களா?" என்று கேட்டார். நகல் எடுத்ததற்குக் காசு தர முந்தானை முடிச்சை அவிழ்க்க முயன்றார். விரல்கள் முடிச்சின் மேல் தடவிக்கொண்டே இருந்தன, அவிழவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். நான் எழுந்து போய், "எத்தனை நாளா முடிச்சு அவிழ்க்க வரல பெரியம்மா?" என்று கேட்டேன். "தைப் பொங்கலுக்கு முன்னாடியிருந்தே வெரலு சொன்ன பேச்சுக் கேக்கல தம்பி. நடந்தா காலும் தள்ளுது, நேத்து மணல்ல விழுந்துட்டேன். வயசாச்சுல்ல" என்றார். கைக்குப் போகும் நரம்பு நசுங்குவது வேறு, தண்டுவடமே நசுங்குவது வேறு. இரண்டாவதில் வலி குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் விரல்கள் நுணுக்கமான வேலைக்கு உதவாது, நடை தள்ளாடும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை மீறும். வயது என்று அதை ஒதுக்கி நாளைக் கடத்தினால் இழந்தது திரும்பாமல் போகலாம். அவர் மகனை அன்றே வரவழைத்து மதுரைக்கு அனுப்பினோம். ஸ்கேனில் தண்டுவடம் அழுந்தியிருப்பது தெரிந்தது. அட்டை இருந்ததால் அறுவைச் சிகிச்சை அதிலேயே முடிந்தது. நடை இப்போது நிதானப்பட்டிருக்கிறது. விரல்கள் முழுவதும் சரியாகவில்லை. மேலும் கெடாமல் தடுப்பதே அந்தச் சிகிச்சையின் முதல் நோக்கம் என்று மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். கூடையை இனித் தலையில் ஏற்றக் கூடாது என்பதால் மருமகள் தள்ளுவண்டியில் விற்கிறார், பெரியம்மா கூட நடக்கிறார்.

இத்தோடு வேறு சில அறிகுறிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கையில் நாளுக்கு நாள் பலம் குறைவது, காய்ச்சலோடு வரும் கழுத்து வலி, காரணமின்றி எடை குறைவது, இரவும் பகலும் எந்த நிலையிலும் தணியாத வலி, பனையிலிருந்தோ படகின் தளத்திலோ விழுந்த பிறகு வரும் வலி. இடக்கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அதைக் கழுத்து என்று எண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். அது மாரடைப்பாக இருக்கலாம். இந்த நிலைமைகளில் வருமானம், அட்டை, கடை, கூலி எதையும் கணக்குப் பார்க்காமல் புறப்பட வேண்டும். நகையை அடகு வைக்க நேர்ந்தாலும் இதற்கு வைக்கலாம்.

மற்ற நாட்களுக்கு என் வீட்டில் தனியாக ஒரு சீட்டுப் போட்டு வருகிறோம்; மாத்திரைக்கும் பயணத்துக்கும் அதிலிருந்து எடுக்கிறோம், வேறு எதற்கும் தொடுவதில்லை. மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருப்பதால் புதிய மருத்துவரிடம் போகும்போது எடுத்த பரிசோதனையையே மறுபடியும் எடுக்க நேர்வதில்லை. வலி இன்று முன்பிருந்ததில் கால் பங்குதான் இருக்கிறது. நல்ல நாட்களில் தோள்பட்டையோடு நின்றுவிடுகிறது. ஆள்காட்டி விரலில் உணர்வு திரும்பிவிட்டது, கட்டைவிரலின் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. வலி போன பிறகும் மரப்பு நெடுநாள் நிற்கும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் அதைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன். பலம் குறைகிறதா என்பதை மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர்க் குடத்தைத் தூக்காமல், ஒரு துணியை இறுகப் பிழிந்து பார்த்துக்கொள்கிறேன்.

1,20,000 ரூபாய் வரம்புக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியம்மாவின் கையில் அட்டை தயாராக இருந்ததால் ஒரு நாளும் வீணாகவில்லை. உங்கள் வீட்டில் அட்டை இல்லையென்றால், நோய் வரும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருமானச் சான்றுக்கு இணைய வழியில் விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்ததும் குடும்ப அட்டையையும் எல்லோருடைய ஆதார் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துக்கொண்டால் இரண்டாம் முறை பாலத்தைக் கடக்க வேண்டியிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். குடும்பத்தோடு போய் வர அதைவிடத் தோதான காலம் ஆண்டில் வேறு இல்லை.